மீன்சுருட்டியா, திருமானூரா?

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் அம்மாவின் கொள்கை. எனக்கு அதில் அன்றும் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. ஆனால் என் ஒருத்தி விஷயத்தில் மட்டும் அம்மா பேச்சைக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்கு. அதற்கு இன்று வரை கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று போகிற இடத்திலெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். (புரிந்துகொண்டவர்களும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அது வேறு விஷயம்.)

அப்போது நான் அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்தேன். வீடு பெரம்பலூரில், துறையூர் ரோட்டில். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. காலையில் பஸ் ஏறி அரியலூர் போய், ஊராரின் விரலையும் கையையும் குத்திவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறித் திரும்பி வருவேன். வழி நெடுகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். அவற்றின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டே போகும். ஜன்னலை மூடினால் வேர்த்துக் கொட்டும். திறந்தால் முகத்தில் மாவு அப்பும். லேப்புக்குப் போய்ச் சேரும்போது தனியாகப் பவுடர் போட்டுக்கொள்ளத் தேவையிருக்காது.

அந்த லாரிகளைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து 'சுக்கான்' என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். (சுக்கான் என்பது எங்கள் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறை. எங்கே தோண்டினாலும் அதுதான் வரும்.) கிடார், கீபோர்டு, டிரம்ஸ், தவில், உறுமி. அவர்களுடைய பாட்டுகளிலேயே பெரிய பாட்டு 'புழுதி'. வார்த்தை என்று பார்த்தால் நாலே வரி. லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போகும் ஒருத்தனின் புலம்பல். அந்த நாலு வரி முடிந்ததும் ஐந்து பேரும் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கிடார் ஒரு பக்கம் இழுக்கும், தவில் இன்னொரு பக்கம் ஓடும், உறுமி நடுவில் நின்று முனகும். எப்படியோ சுற்றி வளைத்துக் கடைசியில் எல்லாரும் அதே நாலு வரிக்கு வந்து சேருவார்கள். இணையத்தில் போட்டிருப்பது சின்னப் பாட்டுதான். மேடையில் அரை மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஒரு ஊரில் வாசித்ததுபோல் இன்னொரு ஊரில் வாசித்ததே கிடையாது.

இப்படி ஒரு பாட்டு கிடைத்தால் புத்தி தெளிவாக உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? கேட்டு ரசித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். நாங்கள் ஒவ்வொரு ஊரில் வாசித்ததையும் செல்போனில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, எந்த ஊர்ப் புழுதி உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

குழுவில் இரண்டு கட்சி. ஒன்று திருமானூர்க் கட்சி. திருமானூர்த் திருவிழாவில் 'புழுதி' பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கிடார் செத்தது, கீபோர்டு செத்தது, மைக் செத்தது. உறுமிக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டில் அந்த ஒற்றை உறுமி முனகிக்கொண்டே இருக்க, கூட்டம் கையைத் தட்டித் தாளம் போட, கரண்ட் திரும்பி வந்த அதே நொடியில் மற்ற நாலு பேரும் ஒரு தட்டுப் பிசகாமல் வந்து சேர்ந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கை சிவக்கத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு பிறந்ததுதான் நான் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். குழுவில் எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் 'திருமானூர் புயல்'. (எழுதும்போதே கூசுகிறது.)

இன்னொன்று மீன்சுருட்டிக் கட்சி. அங்கே வாசித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசித்தவர்கள் எழுந்து ஓடவில்லை. நடுவில் கிடாரில் ஒரு கம்பி வேறு அறுந்தது. கிடார்க்காரர் மிச்சக் கம்பிகளை வைத்துக்கொண்டு மெதுவாக, அழுவதுபோல வாசித்தார். அவ்வளவுதான். இதைப் போய் ஒரு பெரிய விஷயமாக அந்தக் கட்சிக்காரர்கள் பேசுவார்கள். அந்தப் பதிவில் நடுவே ஒரு பெண் குரல், "ஏங்க, பாயைச் சுருட்டுங்க, நனையுது!" என்று கத்தும். மீன்சுருட்டிக் கட்சியினர் அந்தக் குரலையும் பாட்டின் ஒரு பகுதியாகவே மதித்தார்கள். அந்த அம்மாள் யாராக இருக்கும் என்று ஆராய்ச்சியெல்லாம் நடந்தது.

அந்தக் கட்சியின் தலைமைப் பீரங்கி 'மீன்சுருட்டியான்' என்ற பெயரில் எழுதும் ஒரு ஆசாமி. பேசவே மாட்டான். எழுத்துதான். பக்கம் பக்கமாக, காற்புள்ளி, முற்றுப்புள்ளியோடு எழுதுவான். 'கரண்ட் போனதில் என்ன கலை இருக்கிறது? கரண்ட் போனால் எங்கள் வீட்டு மாடுகூடத்தான் கத்தும்' என்று ஒரு நாள் எழுதினான். இவ்வளவு நேரம் உட்கார்ந்து டைப் அடிக்கிறான் என்றால் அரியர் வைத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் காலேஜ் பையனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டினேன். எப்படி முடிவு கட்டினேன், யாரைக் கேட்டேன் என்றெல்லாம் இப்போது கேட்காதீர்கள். அப்போது எனக்கு எல்லாமே தெரியும்.

குலுங்கும் பஸ்ஸில் எனக்கு டைப் அடிக்க வராது. அதனால் நான் குரல் பதிவாகத்தான் பதில் அனுப்புவேன். லேப்பில் நாள் முழுக்க "அடுத்து யாரு? டோக்கனைக் காட்டுங்க! சாப்பிட்டு வந்தீங்களா, சாப்பிடாம வந்தீங்களா?" என்று கத்திக் கத்தி என் குரல் கண்டக்டர் குரலாக ஆகியிருந்தது. அந்தக் குரலில், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, இப்படிப் பேசி அனுப்பினேன்:

"தம்பி, மீன்சுருட்டித் தம்பி! அக்கா சொல்றத நல்லா கேட்டுக்க. உறுமின்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடா? உனக்குக் காது இருக்கறது கண்ணாடி மாட்டத்தான். உன்னைப் பெத்தவங்க உன்னைக் காலேஜுக்கு அனுப்புனதுக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கி விட்டிருந்தா, அதுங்களாச்சும் தாளத்துக்குத் தலையாட்டியிருக்கும்!"

குழுவில் பாதிப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அன்று வீடு வரைக்கும் நான் பஸ்ஸில் வரவில்லை, பறந்து வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கதிர், ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் மீன்சுருட்டி. அப்பா விவசாயம். ஊர்ப் பேரைக் கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மீன்சுருட்டியில் ஒரே ஒரு மனிதனா குடியிருக்கிறான்?

கதிர் போனில் பேசினார். மெதுவான குரல். "நான் பேசறது கேக்குதுங்களா?" என்று அடிக்கடி கேட்டுக்கொள்வார். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முக்கோணத்துக்கு நாலு பக்கம் வரைந்துவிட்டு, "ஒண்ணு ஸ்பேர் சார்" என்று சொன்ன கதையைச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அப்போது கதிர் கேட்டார்.

"பாட்டெல்லாம் ரொம்பக் கேப்பீங்களா?"

அம்மா எதிரே வந்து நின்று, 'இல்லைன்னு சொல்லு' என்று இரண்டு கையையும் ஆட்டினார். பாட்டு, கூத்து என்று அலைகிற பெண் என்று நினைத்துவிடுவார்களாம்.

"அவ்வளவா இல்லைங்க," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்பாடா! ரொம்ப சந்தோஷங்க. எங்க வூட்ல ஒருத்தர் இருக்காரு. அது போதும்."

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெருமூச்சிலேயே மயங்கிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். பார்த்துப் பிடித்திருந்தால் அன்றைக்கே தலையில் பூ வைத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்று பெரியப்பா வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். கதிர், அவருடைய அப்பா, அம்மா. மாமாவுக்கு அறுபது வயது இருக்கும்; வெள்ளை வேட்டி, பெரிய மீசை, முழங்கை வரைக்கும் மடித்துவிட்ட சட்டை. அத்தை மடியில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா எனக்குக் கடைசியாக ஒரு முறை சொன்னார்.

"காப்பியக் குடு. கும்புடு. உள்ள வந்துரு. கேட்டா மட்டும் பதில். அதுவும் ஆமா, இல்ல. புரியுதா?"

"ஆமா," என்றேன்.

காப்பியைக் கொடுத்தேன். கும்பிட்டேன். கதிர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகக் கேசரியைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. திரும்பி உள்ளே போக ஒரு எட்டு எடுத்து வைத்தேன். எல்லாம் முடிந்திருக்க வேண்டியது.

மாமாவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

டங்கென்று ஒரு கம்பி அறுந்தது. பின்னால் மழை இரைச்சல். பிறகு மெதுவாக, அழுவதுபோல ஒரு கிடார்.

நான் நின்றேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. அந்தக் கிடார் என்னை என்ன செய்ததோ, இரண்டு வருஷமாக நாக்கில் ஊறிக்கிடந்தது தானாகவே வெளியே வந்தது.

"மழையில கம்பி அறுந்த புழுதியப் போயா ரிங்டோனா வச்சிருக்கீங்க?"

அதுதான் அந்த ஒரு வாக்கியம்.

மாமா போனை எடுத்துப் பேசவில்லை. அடிக்க விட்டுவிட்டு, காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார்.

"அம்மாடி," என்றார். "'தம்பி'ன்னு ஒரு வாட்டி சொல்லு."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சொல்லேண்டி, பெரியவங்க கேக்கறாங்கல்ல," என்று பின்னாலிருந்து குத்தினார். (இத்தனை நாள் பேசாதே என்று சொன்னவர், பேசக் கூடாத அந்த ஒரு நேரத்தில்தான் பேசச் சொன்னார்.)

"தம்பி," என்றேன்.

"சுத்தம்," என்றார் மாமா. மேல்துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு போனைத் தேய்த்தார். நான் "மாமா, வேணாங்க" என்பதற்குள் அழுத்திவிட்டார். எங்கள் கூடத்தில், எங்கள் குலதெய்வப் படத்துக்குக் கீழே, என் குரல் எழுந்தது.

"தம்பி, மீன்சுருட்டித் தம்பி! அக்கா சொல்றத நல்லா கேட்டுக்க..."

முழுவதும் கேட்டார்கள். காது கண்ணாடி மாட்டத்தான் என்ற இடம் வந்தபோது மாமா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டுக்குட்டி வந்தபோது என் அப்பா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை, காயில் எரிந்துபோன விசிறியைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"ஏங்க, பெத்தவங்கன்னு சொல்லுது. உங்க அம்மாவையா?"

"எங்க அம்மாவையும் எங்க அப்பாவையும்," என்றார் மாமா. "இந்தக் குரலு யாருன்னு தெரியாம எத்தனை நாளு தூக்கம் கெட்டிருக்கேன் தெரியுமா? அம்பது வயசுப் பொம்பள, எங்கயோ மீன் விக்குதுன்னு நெனச்சேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'மன்னிச்சுக்கங்க மாமா, தெரியாம பேசிட்டேன்' என்று காலில் விழுந்திருக்க வேண்டும். விழுந்தேனா? நான்தான் புயலாயிற்றே.

"தெரியாம பேசிட்டேன் மாமா," என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனாலும் திருமானூருதான் ஒசத்தி."

அம்மா என் இடுப்பில் கிள்ளியது மறுநாள் வரை கன்றியிருந்தது.

மாமாவின் மீசை துடித்தது. கோபத்தில் எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டார்.

"இது வேலை செய்யுதா?" என்று என் அப்பாவைக் கேட்டார். மிஷின் பற்றிய கேள்வி என்றதும் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. "நல்லா செய்யுங்க, நானே சரி பண்ணினது," என்று ஓடிப்போய் மாட்டிக் கொடுத்தார். துரோகி.

"திருமானூரைப் போடும்மா. எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் நம்ப ஊரைப் போடறேன். இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் மறுவேலை."

"சம்பந்தி, நேரம் போவுதுங்க. பூவ வச்சிட்டு அப்புறமா..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"உஷ்!" என்றோம் நானும் மாமாவும்.

திருமானூர் ஓடியது. கரண்ட் போகிற இடத்தில் நான் என்னையறியாமல் கையை உயர்த்தி, "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்றேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கரண்ட் வந்து எல்லாரும் சேர்ந்த இடத்தில் அவருடைய கால் பெருவிரல் அசைந்தது. பார்த்துவிட்டேன். "பாத்தீங்களா, கால் ஆடுது!" என்றேன். "கொசு," என்றார்.

அடுத்து மீன்சுருட்டி. அம்மா போட்ட பஜ்ஜி ஆறி அட்டையாகிவிட்டது. கதிர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். மழை பெய்தது. கம்பி அறுந்தது. அழுகைக் கிடார் தொடங்கியது. நடுவே அந்தக் குரலும் வந்தது.

"ஏங்க, பாயைச் சுருட்டுங்க, நனையுது!"

"அதுக்குத்தானே சொன்னேன்," என்றார் அத்தை, பூவைத் தடவிக்கொண்டே. "எங்க சுருட்டுனாரு? போனைப் புடிச்சிக்கிட்டு மரம் மாதிரி நின்னாரு. நல்ல கோரைப்பாயி. அன்னியோட போச்சு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அத்தை... அது நீங்களா? பாய்க்காரம்மா நீங்கதானா?"

"என்னது?"

"உங்க குரலைத் தெரியாத ஆளே எங்க குரூப்ல கிடையாதுங்க அத்தை. எல்லாரும் கூடவே சொல்லுவாங்க!"

அத்தை மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். தன் குரல் இத்தனை ஊருக்குப் போயிருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பார்வையை மாமா சந்திக்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலரை ஆவப்போவுது!" என்று பெரியப்பா கிட்டத்தட்ட அலறினார். "அத நிறுத்திப்புட்டு பூவ வைங்க. இன்னும் ரெண்டு நிமிசம்தான்!"

"பாதியில நிறுத்தினா அது கேட்டதாவாது," என்றார் மாமா.

"ஆமாம் பெரியப்பா, நாலு வரிக்குத் திரும்பி வரணும்," என்றேன் நான்.

எதிரிக் கட்சியோடு என் வாழ்க்கையில் நான் முதல் முறையாக ஒத்துப்போன இடம் அதுதான். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள். பாட்டு நாலு வரிக்குத் திரும்பி வந்து ஓய்ந்தபோது ராகு காலம் தொடங்கி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

அத்தை பூவை மறுபடி ஈரத்துணியில் சுற்றினார்.

"கெளம்புங்க," என்றார். "இன்னிக்கு அமையல. இன்னொரு நாளு பாக்கலாம்."

இன்னொரு நாள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மா அடுப்படிக்குப் போனார். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. அதுவரைக்கும் எனக்குச் சூடாகவே இருந்த தலை அப்போதுதான் குளிர்ந்தது. ஒரு பாட்டுக்காக, அதுவும் நான் பாடாத, நான் வாசிக்காத, எனக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லாத ஒரு பாட்டுக்காக என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறேன்!

கதிர் கூடத்தில் இல்லை. வெளியே வந்தேன். வாசலில், வந்த காரின் மேல் சாய்ந்துகொண்டு, ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாட்டு அவ்வளவா கேக்க மாட்டேன்னு சொன்னீங்க," என்றார்.

"பொய்ங்க."

"ஏங்க?"

"அம்மா எதிர்ல நின்னாங்க." அது பாதி உண்மைதான். "அப்புறம் நீங்க அப்பாடான்னு மூச்சு விட்டீங்க பாருங்க, அதுக்கப்புறம் உண்மையச் சொல்ல மனசு வரல. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வூட்ல காலையில பல்லு வெளக்கறப்ப ஆரம்பிக்கும்ங்க. மாட்டுக் கொட்டாயில ஒரு ஸ்பீக்கரு, மோட்டார் ரூம்ல ஒரு ஸ்பீக்கரு. மாடு கூட வேற பக்கம் திரும்பிப் படுத்துக்கும். நானும் உக்காந்து பொறுமையா கேட்டுப் பாத்துட்டேன். அவரு சந்தோசத்துக்காவது புடிச்சுத் தொலையாதான்னு பாத்தேன். புடிக்கல. இப்ப உங்க திருமானூரையும் முழுசாக் கேட்டேன்." தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலீங்க."

"என்னது?"

இதை நான் கேட்டேன். அதே நொடியில், ஒரு தட்டுப் பிசகாமல், என் பின்னாலிருந்தும் ஒரு குரல் கேட்டது. செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்த மாமா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"வித்தியாசம் தெரியலையா?" என்றார். "ஒண்ணுல உறுமி தனியா நிக்குது. ஒண்ணுல கிடார் தனியா அழுவுது. வித்தியாசம் தெரியலையா?"

"அதுல தாளம் ஓடுதுங்க, இதுல தாளம் நடக்குது," என்றேன் நான்.

"சரியாச் சொன்ன! அதுல ஓடுது, இதுல நடக்குது. கணக்கு வாத்தியாரு தானடா நீ? ஓடறதுக்கும் நடக்கறதுக்கும் வித்தியாசம் தெரியல?"

"கரண்ட் வர்ற எடத்துல மயிர்க்கூச்செறியலியா உங்களுக்கு?"

"இல்லீங்க," என்றார் கதிர் பரிதாபமாக.

"கம்பி அறுந்தப்பறம் நெஞ்சுல ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லப்பா."

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மனிதரோடு இத்தனை காலம் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்கு நான் சொல்வது புரிந்தது, எனக்கு அவர் சொல்வது புரிந்தது, அதனால்தான் சண்டையே போட முடிந்திருக்கிறது. வித்தியாசமே தெரியாத ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது?

மாமா ஒற்றைச் செருப்போடு விடுவிடுவென்று உள்ளே போனார். கூடத்தின் நடுவில் நின்று, அடுப்படி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு. மாப்பிள்ளையத்தான் மாத்தணும்!"

முதலில் சிரித்தது என் அம்மா. அழுதுகொண்டே சிரித்ததால் அது இருமல்போலக் கேட்டது. அடுத்து அத்தை, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தார். ஆறு மணிக்கு மேல் நல்ல நேரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அது வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்து ஆறிய பஜ்ஜியைத் தின்றார்கள். அத்தை ஒரு நிபந்தனை போட்டார். தான் பூ வைத்து முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் எந்த ஊர்ப் பெயரையும் சொல்லக் கூடாது. பூ வைத்து முடித்ததும் என் காதருகே குனிந்து, "அந்தப் பதிவுல என் குரலு நல்லாத்தான் இருக்குல்ல?" என்று கேட்டார்.

கல்யாணம் நடந்தது. கல்யாண மண்டபத்தில் 'புழுதி' போடக் கூடாது என்று கதிர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. (மாமா சாப்பாட்டுப் பந்தியில் போனில் மெதுவாக வைத்திருந்தாராம். இலை போட்டவர்கள் சொன்னார்கள்.) இப்போது நாங்கள் இருப்பது மீன்சுருட்டியில்தான். எதிரியின் கோட்டைக்குள் குடியிருந்துகொண்டு திருமானூருக்காக வாதாடும் ஒரே ஆள் நான். போன மாதம் கீழப்பழுவூரில் 'சுக்கான்' வாசித்தது. நானும் மாமாவும் வண்டியில் போய்க் கேட்டுவிட்டு வந்தோம். அதில் உறுமியும் கிடாரும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போனது உண்மைதான். அதற்காகக் கீழப்பழுவூர்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று மாமா சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சொந்தக் கட்சியையே விட்டுப் போனவர் பேச்சுக்கு என்ன மதிப்பு? வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. அத்தைதான் இடையில் தூது.

கதிரையும் குழுவில் சேர்த்துவிட்டார் மாமா. கேட்டுக் கேட்டாவது திருந்துவான் என்ற நம்பிக்கை. எந்த ஊர்ப் பதிவு வந்தாலும் அதன் கீழே கதிர் ஒரே ஒரு வரி போடுவார்: 'இதுவும் அதேதான்.' உடனே குழுவின் நிர்வாகி, அதாவது அவரைப் பெற்ற அப்பா, அவரை நீக்கிவிடுவார். சாப்பாட்டு நேரத்துக்குள் மனசு கேட்காமல் திரும்பச் சேர்ப்பார்.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே வருகிறதென்றால், விசேஷ வீடுகளில்தான். என் ஆட்டுக்குட்டிப் பேச்சை யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அதைப் போட்டுவிடுவார்கள். எல்லாரும் சிரித்து முடித்ததும் பெரியப்பா கதிரின் தோளில் கையைப் போட்டு, "என்ன மாப்ள, உங்களை இன்னும் மாத்தலியா?" என்பார்.

கதிர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார்: "தேடிக்கிட்டுதாங்க இருக்காங்க. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு புடிக்க மாட்டேங்குதே!"